முதலில் கும்பிட்டது யார்

இளையபெருமாள் வேதக்கோயிலுக்குப் போனதற்கும் வேதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த மாதா கோயிலில் அடைக்கலசாமியின் மகளுக்குக் கல்யாணம். அடைக்கலசாமியிடம் சோளம் அடிக்கிற மிஷின் இருக்கிறது. செந்துறைப் பக்கத்தில் மக்காச்சோளம் போட்டவன் எவனும் அடைக்கலசாமி வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருந்துவிட முடியாது. போகாதவன் கொல்லைக்கு அடுத்த அறுப்பில் மிஷின் கடைசியாகத்தான் வரும். அதுபோக, மட்டன் பிரியாணி என்று ஒரு வாரமாகவே ஊரில் பேச்சு அடிபட்டது.

மற்றபடி அந்த வைகாசியில் அவருக்கு எந்தக் கல்யாணத்துக்கும் போகிற மனசு இல்லை. சொந்த மகள் கல்யாணமே தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது. பூங்குழலி பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறாள். அங்கேயே வேலை பார்க்கும் அசோக்கை அவளுக்குப் பிடித்துவிட்டது. சாதி ஒத்து, நிலம் ஒத்து, ஜாதகமும் ஒத்து வந்த காதல். இப்படி ஒரு காதல் வாய்த்த பெற்றோர் குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்ட வேண்டும். பையனின் அப்பா பழனிவேல் மீன்சுருட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தார். கேசரியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றார். எல்லாம் பிடித்திருக்கிறது என்றார். எழுந்திருக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

“ஒங்களுக்கும் ஒங்க பங்காளிக்கும் பேச்சுவார்த்தை இல்லன்னு கேள்விப்பட்டேன். அது ஒங்க விசயம். ஆனா நிச்சயத்தன்னைக்கு அவரு சபையில உக்காந்திருக்கணும். பங்காளி இல்லாத சபையில நான் தட்டு மாத்த மாட்டேன். எங்க வூட்டு வழக்கம் அப்புடி.”

பழனிவேலுக்கு எதற்கெடுத்தாலும் வழக்கம் இருந்தது. பங்காளியைச் சபைக்கு அழைப்பதற்கும் ஒரு வழக்கம் உண்டு. வாசலேறிப் போய், வெற்றிலை பாக்கு வைத்து, கையெடுத்துக் கும்பிட்டு அழைக்க வேண்டும். அதாவது இளையபெருமாள் போய்ப் பங்காளி பஞ்சநாதனைக் கும்பிட வேண்டும். அதற்கு அவர் மகளை வீட்டோடு வைத்துக்கொள்ளவே தயாராக இருந்தார்.

பூங்குழலி சனிக்கிழமைதோறும் வந்தாள். அப்பாவுக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், தண்ணீர் வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டுப் போயிருப்பார். ஒரே மகள். அவள் பேசாத சோறு அவருக்கு இறங்கவில்லை. ஆனாலும் பஞ்சநாதன் வாசல் பக்கம் அவர் போகவில்லை.

பஞ்சநாதன் அவருடைய பெரியப்பா மகன். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனார்கள், ஒன்றாகப் பெயிலானார்கள், ஒன்றாகவே படிப்புக்கு முழுக்குப் போட்டார்கள். ‘தானே’ புயல் அடித்த வருஷம் இளையபெருமாளின் முந்திரி மரம் ஒன்று வரப்பைத் தாண்டிப் பஞ்சநாதன் கொல்லையில் சாய்ந்தது. மரம் என்னுது என்றார் இவர். விழுந்த இடம் என்னுது, நசுங்கிப்போன என் கன்றுகளுக்கு யார் பதில் சொல்வது என்றார் அவர். விறகு விலைகூடப் பெறாத மரம். இருவரும் அதைத் தொடவில்லை, தொடவும் விடவில்லை. மரத்தைக் கரையான் தின்று தீர்த்துவிட்டது. சண்டையைக் கரையான் சீண்டவில்லை.

வயதில் சின்னவன் போய்க் கும்பிட்டால் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்லிப் பார்த்தார்கள். யார் சின்னவன் என்று அடுத்த சண்டை பிறந்தது. இருவரும் ஒரே சித்திரையில் பிறந்தவர்கள். யார் முன்னால் என்று சொல்ல வேண்டிய கிழவிகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியாரோ இருவருக்கும் ஒரே தேதியை எழுதிவிட்டு ஓய்வு பெற்றுவிட்டார். “இளையபெருமாள்னு பேர வெச்சுக்கிட்டு மூத்தவங்கிறியேடா” என்று பஞ்சநாதன் பஞ்சாயத்தில் கேட்டதுதான் இருவருக்கும் நடுவில் நடந்த கடைசிப் பேச்சு. அதன்பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷமாக இருவரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவர் வரப்பைப் பார்ப்பார்.

இப்படிப்பட்ட மனுஷர்தான் வேதக்கோயிலுக்குள் நுழைந்தார். வாசலிலேயே அவர் மனைவி உண்ணாமலை எச்சரித்திருந்தாள்.

“எல்லாரும் எந்திரிச்சா எந்திரிங்க, உக்காந்தா உக்காருங்க. முன்னாடி இருக்கறவரு என்ன செய்றாரோ அதையே செய்ங்க. என் மானத்த வாங்கிடாதீங்க.”

சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் போய்விட்டாள். இளையபெருமாள் ஒரு தூணோரமாக இடம் பிடித்தார். முன் பெஞ்சில் ஒரு நீலச்சட்டைக்காரர். அவர் எழுந்தால் இவர் எழுந்தார், அவர் முழங்கால் போட்டால் இவரும் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் போட்டார். அவர் இருமியபோது இவருக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்தது. பாட்டுப் பாடும்போது மட்டும் வாயைச் சும்மா அசைத்தார். ஒரு சடங்கு இவ்வளவு உடற்பயிற்சியாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பஞ்சநாதன் பாதிப் பூசையில் வந்தார். அவர் எந்த விசேஷத்துக்கும் நேரத்துக்கு வந்தவரில்லை. எங்கே உட்காருவது என்று அவர் முழித்துக்கொண்டு நின்றபோது பின்னால் இருந்த கன்னியாஸ்திரி ஒருவர் விரலை நீட்டி இடத்தைக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்துப் பழகிய விரல் போலிருக்கிறது. பஞ்சநாதன் மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் யார் என்று பார்த்தார். எழுந்து போகலாம் என்றால் சிஸ்டர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளையபெருமாளுக்கு ஒரு பக்கம் தூண், மறுபக்கம் பஞ்சநாதன். பஞ்சநாதனுக்கு ஒரு பக்கம் இளையபெருமாள், மறுபக்கம் நடைபாதை. இருவரும் நீலச்சட்டையின் முதுகையே முறைத்துக்கொண்டு பூசை பார்த்தார்கள்.

அப்போதுதான் சாமியார் பீடத்திலிருந்து கையை விரித்து, ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். கோயிலே ஒரு அசைவு அசைந்தது. எல்லாரும் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துத் திரும்பிக் கைகூப்பித் தலை குனிந்து, சமாதானம், சமாதானம் என்று சொன்னார்கள். நீலச்சட்டைக்காரர் வலப்பக்கம் கும்பிட்டார், இடப்பக்கம் கும்பிட்டார். இளையபெருமாளின் கைகள், மனைவி சொல் தட்டாத கைகள், தாமாகவே கூப்பிக்கொண்டன. இடப்பக்கம் திரும்பினார். தூண். தூணுக்கா கும்பிடு போட முடியும்? வலப்பக்கம் திரும்பினார்.

பஞ்சநாதன் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிய கை நெஞ்சுக்கு நேரே இருந்தது. இறக்கவும் முடியவில்லை. பஞ்சநாதனின் கைகளும் மெல்ல மேலே வந்தன. நீலச்சட்டைக்காரர் பின்னால் திரும்பி, இருவருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டு, சிரித்த முகத்தோடு “சமாதானம்” என்றார். அவருக்கென்ன தெரியும். நாலு பேரைக் கும்பிட்டதில் இதுவும் ஒன்று என்று அவர் முன்பக்கம் திரும்பிவிட்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் இருவரும் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள். பிரியாணி நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். இளையபெருமாளுக்கு ருசி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உண்ணாமலை கேட்டாள்: “செங்கமலத்தக்கா வூட்டுக்காரர கும்பிட்டீங்களாமே?”

யார் மூத்தவர் என்று தீராததால் பஞ்சநாதனை என்ன முறை சொல்லி அழைப்பது என்று அவளுக்குத் தெரியாது. பஞ்சநாதன் மனைவி செங்கமலத்தை மட்டும் அக்கா என்று அவளாக முடிவு கட்டியிருந்தாள். ஆண்கள் பேசாமல் இருந்த வருஷங்கள் முழுக்க இந்த இரண்டு பெண்களும் ரேஷன் கடை வரிசையில் குடும்பச் செய்திகளைக் குறைவில்லாமல் பேசித் தீர்த்துவந்தார்கள்.

“நானா?” என்றார் இளையபெருமாள். “அவன்தான்டீ கும்பிட்டான். பாவம், கோயிலாச்சேன்னு நானும் கையத் தூக்குனேன்.”

இது பொய் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கை முதலில் எழுந்தது அவருடையது. அதை உள்ளங்கை இன்னும் மறக்கவில்லை. ஆனால் வாய்க்கு உள்ளங்கையோடு சம்பந்தமில்லை.

மறுநாள் செந்துறை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பஞ்சநாதன் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்: “அவனே எறங்கி வந்து கும்பிட்டுட்டான்யா. போனாப் போவுதுன்னு நானும் கும்பிட்டேன்.” இது மதியத்துக்குள் இளையபெருமாள் காதுக்கு வந்தது. செய்தி மீன்சுருட்டிக்கும் போயிற்று. அங்கே போகும்போது அது கொஞ்சம் பருத்துவிட்டது. பங்காளிகள் இருவரும் வேதக்கோயிலில் கட்டிப்பிடித்து அழுதார்களாம். பழனிவேல் உடனே போன் போட்டார்.

“ரொம்ப சந்தோசம் சம்மந்தி. ஆவணி மொத முகூர்த்தத்துலயே நிச்சயத்த வெச்சுக்குவோம். பங்காளிய முறையா அழைச்சுருங்க.”

அந்தச் சனிக்கிழமை பூங்குழலி “அப்பா, இன்னொரு கரண்டி போடட்டா?” என்று கேட்டாள். இளையபெருமாளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. மிளகாய் தூக்கல் என்று சொல்லிச் சமாளித்தார்.

அப்போதே போய் அழைத்திருக்கலாம். போனால் பஞ்சநாதன் சொன்னது மெய் என்று ஆகிவிடும். அதற்குப் பதிலாக டீக்கடைக்குப் போனார். அங்கே நாலு பேர் சிரித்த சிரிப்பில் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் மொதல்ல கும்பிட்டிருந்தா எம் மீசைய எடுத்துக்கிறேன்யா!” என்று சத்தம் போட்டார்.

அடுத்த பெஞ்சில் பஞ்சநாதன் இருந்தார். அவர் இவரைப் பார்த்துப் பேசவில்லை. டீ மாஸ்டரைப் பார்த்துப் பேசினார். “மாஸ்டர், நான் மொதல்ல கும்பிட்டிருந்தா எம் மீசை போவட்டும். சொல்லிருங்க.”

மாஸ்டர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் கேட்டது.

சாட்சி இல்லாத பந்தயம் என்றுதான் இளையபெருமாள் துணிந்து சவால் விட்டார். அடைக்கலசாமியை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஆடி மாதக் கடைசியில் அடைக்கலசாமி டீக்கடைக்கு வந்து, விஷயம் கேள்விப்பட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

“இதுக்காய்யா சண்ட போடுறீங்க? மேல பாட்டுக்காரங்க நிக்கிற மாடியில ஒரு கேமரா, கீழ ரெண்டு கேமரா. எல்லாம் இருக்கும்யா. அரியலூர்ல நம்ம பிரசாத்துதான் வீடியோ செய்றான். அடுத்த வாரம் குடுத்துருவான். நிச்சயத்துக்கு வரும்போது எடுத்தாரேன், டிவியில போட்டுப் பாத்துருவோம்.”

டீக்கடையே கைதட்டியது. இளையபெருமாளும் தட்டினார். தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றார். நரைத்திருந்தாலும் நல்ல அடர்த்தியான மீசை. இந்தப் பக்கத்தில் அப்பனோ ஆத்தாளோ செத்தால்தான் ஒருவன் மீசையை எடுப்பான். மகள் நிச்சயத்தில் பெண்ணைப் பெற்றவன் மழித்த முகத்தோடு நின்றால் பார்க்கிறவர்கள் துக்கமா என்றுதான் கேட்பார்கள். எதற்கெடுத்தாலும் வழக்கம் பேசும் பழனிவேல் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிடுவார். எடுக்காமல் நின்றால், வாக்குத் தவறியவன் வீட்டில் பெண்ணெடுக்கலாமா என்பார். இரண்டு வழியிலும் முடிவு பூங்குழலி தலையில்தான் விழும். வாயைக் கொடுத்து மகள் வாழ்க்கையை அடகு வைத்துவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, உரக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அரியலூர் பஸ் ஏறினார். சிமெண்டு லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்தது. பிரசாத்திடம் என்ன சொல்வது என்று வழிநெடுகப் பேசிப் பார்த்துக்கொண்டார். ஒரு ஊருக்கு ஒரு பொய் கைவசம் வைத்திருந்தார். எதுவும் பொருந்தவில்லை.

ஸ்டுடியோ ஒரு சலூனுக்கு மேலே மாடியில் இருந்தது. பிரசாத் சின்ன வயசுக்காரன். காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டு, “சொல்லுங்க சார்” என்றான். இளையபெருமாள் பொய் எல்லாவற்றையும் மறந்துபோய் நிஜத்தைச் சொன்னார்.

“தம்பி, அடைக்கலசாமி வூட்டுக் கல்யாண வீடியோவுல எல்லாரும் கும்புட்டுக்குற எடம் ஒண்ணு வரும். அதுல நான் வர்ற பாகத்த மட்டும் வெட்டிரணும். எம் பொண்ணு வாழ்க்க அதுல இருக்கு.”

பிரசாத் அவரை உற்றுப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

“அது அப்பவே வெட்டியாச்சே சார். முந்தாநாளே ஒருத்தரு வந்து வெட்டச் சொல்லிட்டுப் போனாரு. பஞ்சநாதன்னு பேரு.”

இளையபெருமாளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. வெட்டச் சொன்னான் என்றால் அவனும் பயந்திருக்கிறான். அவன் கைதான் முதலில் எழுந்திருக்க வேண்டும். உள்ளங்கை பொய் சொல்லியிருக்கிறது. மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

“அவன் மொதல்ல கும்புட்டது தெரிஞ்சுபோயிரும்னு பயந்துட்டான், இல்ல?”

“இல்லையே சார். மொதல்ல கும்புட்டது நீங்கதான். மாடி கேமராவுல பளிச்சுன்னு இருக்கு. அவரும் பாத்தாரு, திருப்பித் திருப்பிப் போடச் சொல்லிப் பாத்தாரு. நான்கூட, நீங்கதானே ஜெயிச்சிருக்கீங்க, எதுக்கு வெட்டணும்னு கேட்டேன்.” பிரசாத் கொஞ்சம் தயங்கினான். “அவன் பொண்ணுக்கு நிச்சயம்டா தம்பி, அன்னைக்கு அவன் மீசையில்லாம நிக்கக் கூடாது, வெட்டிருன்னாரு.”

இளையபெருமாள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

வெட்டின துண்டு கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று சொல்லி பிரசாத் அவருக்கும் போட்டுக் காட்டினான். அதோ அவர், தூணோரமாக. கை எழுகிறது. தூணைப் பார்க்கிறார், திரும்புகிறார். சந்தேகமே இல்லை, அவர்தான் முதலில். அதன்பின் பஞ்சநாதன். அவர் பார்க்க வேண்டியது அத்தோடு முடிந்தது. ஆனால் பிரசாத் நிறுத்தவில்லை, படம் ஓடியது. நீலச்சட்டைக்காரர் முன்பக்கம் திரும்பிவிட்டார். கோயிலில் எல்லாரும் கையை இறக்கிவிட்டார்கள். அடுத்த பாட்டுக்கூடத் தொடங்கிவிட்டது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் இரண்டே இரண்டு பேர் மட்டும் கூப்பிய கையை எடுக்காமல் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். அவ்வளவு நேரம் நின்றது இளையபெருமாளுக்கு நினைவிலேயே இல்லை. இவன் முகம் இப்படி இருக்கும் என்பதே மறந்துபோய்விட்டதே என்று நினைத்தார். ஒரு முந்திரி மரத்துக்காக இத்தனை வருஷத்தைத் தொலைத்துவிட்டோமே என்று அழுகை வந்தது. பிரசாத் கண்ணியமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

இத்தோடு எழுந்து பஸ் ஏறியிருந்தால் அவர் புத்திசாலி. வீடியோ வெட்டியாயிற்று, மீசை பிழைத்தது, பங்காளியை அழைத்துவிட்டால் நிச்சயம் நல்லபடி நடக்கும், ஊரில் அவர் சொன்ன சொல்லும் நிற்கும். ஆனால் இறங்கும் வழியில் சலூன் இருந்தது. பஞ்சநாதன் பிச்சை போட்ட மீசையை முகத்தில் வைத்துக்கொண்டு எப்படி நடமாடுவது என்று ஒரு எண்ணம் வந்தது. அது ரோஷமா பாசமா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. நாற்காலியில் போய் உட்கார்ந்து மீசையை எடுக்கச் சொன்னார்.

“யாரு தவறிட்டாங்க?” என்று சலூன்காரர் தணிந்த குரலில் கேட்டார்.

“யாரும் தவறல, நீங்க எடுங்க.”

சாயங்காலம் செந்துறையில் இறங்கி வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டு நேராகப் பஞ்சநாதன் வாசலுக்குப் போனார். பஞ்சநாதன் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செங்கமலம் பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இளையபெருமாள் பையைக் கீழே வைத்தார். இந்தத் தடவை முன்னால் நீலச்சட்டை யாரும் இல்லை. யாரையும் பார்த்துச் செய்யாமல், தானாகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பஞ்சநாதன் கும்பிட்ட கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். பதறி எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. சித்தப்பாவும் சின்னம்மாவும் எப்போதோ போய்விட்டார்கள், இவன் இப்போது யாருக்கு எடுத்தான் என்று அவர் கண் அலைந்தது. அப்புறம்தான் விளங்கியது. விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது.

“அட முட்டாப் பயலே!” என்று கத்தினார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். “ஒம் மீசைக்காகத்தானடா அந்தப் பையன் கால்ல விழாத கொறையா வெட்டச் சொல்லிட்டு வந்தேன்! நாளன்னைக்கு நிச்சயத்த வெச்சுக்கிட்டு இப்புடி வந்து நிக்கிறியே, ஒனக்கு அறிவிருக்கா? அந்த மீன்சுருட்டிக்காரன் பாத்தா என்னா சொல்லுவான்? கொழந்த வாழ்க்கடா!”

“நான்தானடா மொதல்ல கும்புட்டேன்” என்றார் இளையபெருமாள். “எனக்கு அன்னைக்கே தெரியும்டா.”

“எனக்குந்தான் தெரியும். அதுக்கு?”

இரண்டு பேரும் நின்றபடி மூக்கை உறிஞ்சினார்கள். செங்கமலம் கீரையை வைத்துவிட்டு, “நல்ல ஆளுங்க போங்க. அழுவுறத நிறுத்திட்டு அந்தப் பொண்ணுக்கு ஒரு வழி சொல்லுங்க” என்றாள்.

மீசை இரண்டு நாளில் முளைக்காது. ஒட்டு மீசை வைக்கலாமா என்று இளையபெருமாள் கேட்டதற்குப் பஞ்சநாதன் மறுபடியும் திட்டினார். திட்டுவது அவருக்கு ரொம்ப நாள் பசிக்குச் சோறு கிடைத்ததுபோல் இருந்தது. யோசித்து யோசித்துக் கடைசியில், “செங்கமலம், என் சேவிங் செட்ட எடு” என்றார்.

நிச்சயத்தன்று பழனிவேல் காரிலிருந்து இறங்கியவர் வாசலில் நின்ற இருவரையும் பார்த்தார். முகம் மாறியது. கார்க் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளே ஜன்னலோரம் பூங்குழலி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னாங்க இது? எதாவது கெட்டது நடந்துருச்சா?”

பஞ்சநாதன் முன்னால் வந்து, இதுவரை இல்லாத ஒரு பணிவோடு சொன்னார்: “எங்க வூட்டு வழக்கங்க. வூட்டுக்கு ஒத்தப் பொண்ணா இருந்தா, தட்டு மாத்துறதுக்கு முந்தி பெத்தவனும் பங்காளியும் மீசைய எடுத்துருவோம். குலத்துல மூணு தலைமொறையா ஒத்தப் பொண்ணு கெடையாது. அதான் யாருக்கும் தெரியாது.”

பழனிவேல் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கார்க் கதவைச் சாத்தினார். “பாத்தியாடா அசோக்கு” என்று மகனிடம் சொன்னார். “இந்தக் காலத்துலயும் வழக்கத்த விடாம காப்பாத்துறாங்க. குடும்பம்னா இது குடும்பம்.”

தட்டு மாற்றியாயிற்று. அடைக்கலசாமி கொண்டுவந்த வீடியோவை டிவியில் போட்டபோது சாமியார் கையை விரித்ததும் திரை முழுக்க ரோஜாப்பூ கொட்டியது. பூ நின்றபோது மணமக்கள் மோதிரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர்கள் ஏமாந்துபோனாலும் இரண்டு மீசையும் இல்லாததைப் பார்த்து, இருவருமே தோற்றுவிட்டதாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்கள். பூங்குழலி வந்து அப்பாவின் மொட்டை முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அது போதும் அவருக்கு.

பந்தியில் அடைக்கலசாமியை நடுவில் உட்கார வைத்து, இரண்டு பங்காளிகளும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். நடந்ததை எல்லாம் இளையபெருமாள் அவர் காதில் சொன்னார். அடைக்கலசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாம் மாதாவின் வேலை என்றார். வடை இன்னொன்று போடச் சொன்னார்.

“அண்ணே, ஒரு சந்தேகம்” என்றார் இளையபெருமாள். “அந்தக் கும்பிடு கல்யாணப் பூசையில மட்டுந்தானா?”

“இல்லப்பா. ஒவ்வொரு பூசையிலயும் உண்டு. வாராவாரம் சொல்லிக்குவோம்.”

“வாராவாரமா!” இளையபெருமாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவர் மனசார, ஒரு துளி குத்தல் இல்லாமல் கேட்டார்: “நாங்க தெரியாத்தனமா ஒரு தடவ செஞ்சதுக்கே இம்புட்டு. வாராவாரம் செய்ற ஊர்ல அண்ணன் தம்பிக்குள்ள சண்டன்னே ஒண்ணு இருக்காது, இல்லண்ணே?”

அடைக்கலசாமிக்கு ஒரு தம்பி உண்டு. அப்பா வீட்டைப் பிரித்த நாளிலிருந்து பேச்சு இல்லை. கோயிலில் அவர் முன் பெஞ்சில் உட்காருவார், தம்பி இரண்டு பெஞ்சு தள்ளிப் பின்னால் உட்காருவான். சமாதானம் சொல்லும் நேரத்தில் அடைக்கலசாமி வலப்பக்கம் கும்பிடுவார், இடப்பக்கம் கும்பிடுவார், எதிரே பீடத்தையும் கும்பிடுவார். பின்பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். மகள் கல்யாணத்திலும் திரும்பவில்லை. அழைக்காமலே வந்து பின்னால் நின்றிருந்த தம்பி, பிரியாணிக்கு இருக்காமல் போய்விட்டான்.

இளையபெருமாள் பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்காதுப்பா” என்றார் அடைக்கலசாமி. பாயச வாளி அடுத்த வரிசையில்தான் வந்துகொண்டிருந்தது. அவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.